லாக் ஃபைல் பொய் சொல்லுமா?



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "அண்ணா, உங்க வேலை சம்பந்தமா ஒரு டெக்னிக்கல் கட்டுரை வேணும். மெக்கானிக்கல், சிவில் பசங்களுக்கும் புரியணும்" என்றார்கள். நம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, இன்று பெரிய பெரிய டேட்டா சிஸ்டங்களைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன். எழுத எத்தனையோ விஷயம் இருக்கிறது. ஆனால் யாரும் பாடத்தில் சொல்லித் தராத, வேலைக்குப் போன முதல் வாரமே தலையில் வந்து விழுகிற ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அதுதான் லாக்.

எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு லாக் என்றால் விளக்கவே வேண்டாம். சப்ஸ்டேஷனுக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனபோது மேஜைமேல் ஒரு பெரிய நோட்டு பார்த்திருப்பீர்கள். மணிக்கு மணி வோல்டேஜ் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு, எந்த ஃபீடர் எப்போது டிரிப் ஆனது, யார் டியூட்டி என்று ஆபரேட்டர் எழுதிக்கொண்டே வருவார். கப்பலில் இருந்து வந்த பழக்கம் இது. அந்தக் காலத்தில் ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் போட்டு, கப்பலின் வேகத்தை அளந்து புத்தகத்தில் குறித்தார்கள். மரக்கட்டைக்கு ஆங்கிலத்தில் லாக். குறித்த புத்தகம் லாக் புக். பேர் அப்படியே கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துவிட்டது.

கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராமும் அதே மாதிரி தன்னுடைய நோட்டில் எழுதிக்கொண்டே போகும். "இத்தனை மணிக்கு ஆரம்பித்தேன்", "இந்த மிஷினோடு தொடர்பு கிடைக்கவில்லை", "இந்தக் கோப்பைக் காணோம்". ஒரே ஒரு மிஷின் என்றால் பிரச்சினை இல்லை, நோட்டைத் திறந்து படித்துக்கொள்ளலாம். ஆனால் ஹடூப், ஸ்பார்க், காஃப்கா, கஸாண்ட்ரா மாதிரி சிஸ்டங்கள் பத்து மிஷினில், நூறு மிஷினில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நூறு ஆபரேட்டர்கள், நூறு நோட்டு, நூறு கைக்கடிகாரம்! இவை எல்லாம் ஜாவாவிலோ, ஜாவா எந்திரத்தில் ஓடுகிற ஸ்காலாவிலோ எழுதப்பட்டவை. அதனால் லாக் எழுதும் முறை எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்றதில் சமாளித்துவிடலாம்.

சரி, முதலில் கொஞ்சம் அடிப்படை.

ஜாவா உலகில் லாக் எழுதுவதற்குப் பிரபலமான லைப்ரரி லாக்ஃபோர்ஜே. அதை ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் செகி குல்சு. அவரே பிறகு லாக்பேக் என்ற இன்னொன்றையும் எழுதினார். லாக்ஃபோர்ஜே முதல் பதிப்புக்கு 2015 ஆகஸ்டோடு ஆதரவு முடிந்துவிட்டது. இப்போது இரண்டாம் பதிப்பு. எதை எடுத்தாலும் உள்ளே நான்கு சாமான்கள்தான். யார் எழுதுகிறார் என்பது லாகர். எவ்வளவு முக்கியமான விஷயம் என்பது லெவல். எங்கே போய் எழுதுவது என்பது அப்பெண்டர். எப்படி எழுதுவது, அதாவது வரியின் வடிவம், லேஅவுட்.

லெவலைப் புரிந்துகொள்ள நம் லேப் பழக்கமே போதும். ரஃப் நோட்டில் என்ன எழுதுகிறோம்? கையில் வருகிற ரீடிங் எல்லாம், அடித்தல் திருத்தலோடு. அது டிரேஸ், டீபக் லெவல். ரெக்கார்டு நோட்டில் எழுதுவது இன்ஃபோ. "மீட்டர் ஊசி ஆடுகிறது" என்று சாரிடம் சொல்வது வார்ன். "ஃபியூஸ் போச்சு சார்!" எர்ரர். லேபே எரிந்தால் ஃபேட்டல். கான்ஃபிகரேஷன் கோப்பில் இன்ஃபோ என்று எழுதினால் இன்ஃபோவும் அதற்கு மேற்பட்டதும் மட்டும் பதிவாகும். டீபக் என்று எழுதினால் ரஃப் நோட்டு முழுக்க வந்து கொட்டும்.

லாகருக்குப் பெரும்பாலும் ஜாவா கிளாஸின் பெயரையே வைப்பார்கள். அது குடும்பம் மாதிரி கிளை கிளையாக இறங்கும். மேலே இருக்கிற பேக்கேஜுக்கு வார்ன் என்று சொன்னால் அதற்குக் கீழே உள்ள அத்தனை கிளாஸுக்கும் வார்ன்தான். அதில் ஒரே ஒரு கிளாஸுக்கு மட்டும் டீபக் வேண்டுமானால் அதன் பெயரைக் குறிப்பிட்டுத் தனியாக ஒரு வரி எழுதலாம். இந்த ஒரு வசதியைச் சரியாகப் பயன்படுத்தினாலே பாதிப் பிரச்சினை வராது. நான் பயன்படுத்தினேன். ஆனால் திருப்பி வைக்க மறந்தேன். அந்தக் கதைக்குத்தான் இப்போது வருகிறேன்.

நடந்தது 2019-ல்

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கம்பெனி பேர் வேண்டாம். பல கடைகளின் பில் விவரங்கள் ராப்பகலாக வந்து ஒரு காஃப்கா கிளஸ்டரில் சேரும். காஃப்கா என்பது லிங்க்ட்இன் கம்பெனியில் உருவாகி 2011-ல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட சிஸ்டம். போஸ்ட் ஆபீஸ் மாதிரி. வருகிற தகவலை வந்த வரிசையிலேயே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும், கேட்பவருக்குக் கொடுக்கும், குறிப்பிட்ட நாள் ஆனதும் பழையதை அழிக்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 168 மணி நேரம், அதாவது 7 நாள் வைத்திருக்கும். எங்களுடையது மூன்று மிஷின். தினமும் காலை 10 மணிக்கு ஒரு ஸ்பார்க் புரோகிராம் வந்து அதுவரை சேர்ந்ததை எடுத்துக்கொண்டு போகும்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு கடையிலிருந்து தகவல் சரியாக வரவில்லை என்று புகார். யார் கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று ஒரு காஃப்கா மிஷினில் ரெக்வெஸ்ட் லாகர் என்பதை டீபக் லெவலுக்கு மாற்றினேன். கம்பெனியிலிருந்து வரும்போது அது வார்னில்தான் இருக்கும், காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். வருகிற ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் அது வரி எழுதும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வேண்டுகோள் வருகிற மிஷின் அது. புகாரைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன், சந்தோஷமாக ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். லெவலைத் திருப்பி வைக்கவில்லை.

ராத்திரி ஷிப்டில் ஒரு தம்பி. அவனும் நம்மைப் போல டிப்ளமோதான், வேறொரு பாலிடெக்னிக். காண்ட்ராக்ட் ஆள். டிஸ்க் அலாரம் அடித்திருக்கிறது. 2.45-க்கு அந்த மிஷினில் லாகின் செய்து பார்த்தான். ஷிப்ட் நோட்டில் பேனாவால் எழுதினான்: "டிஸ்க் 83%. லாக் ஏறுகிறது. காலை ஷிப்ட் பார்க்கவும்." எதையும் தொடவில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டான்.

எட்டு மணிக்கு நான் வந்தபோது 97%. நிரம்பிவிட்டால் காஃப்கா நின்றுவிடும். பதற்றம். "லாக்தானே, அழித்துவிடுவோம்" என்று, அந்த டிஸ்க்கில் டாட் லாக் என்று முடிகிற கோப்புகளை எல்லாம் தேடி அழிக்கச் சொல்லி ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன். மணி 8.14.

இங்கேதான் நண்பர்களே கவனிக்க வேண்டும். காஃப்காவில் லாக் என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, இவ்வளவு நேரம் நான் சொன்ன ஆபரேட்டர் நோட்டு. இன்னொன்று, டேட்டாவேதான்! வந்த தகவலை வரிசையாக எழுதி வைக்கிற அந்தச் சேமிப்புக்கே அவர்கள் லாக் என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். டேட்டா இருக்கிற டைரக்டரியைக் குறிப்பிடும் செட்டிங்கின் பெயர் லாக் டாட் டிர்ஸ். மாற்றாமல் விட்டால் டைரக்டரியின் பெயர் காஃப்கா-லாக்ஸ். உள்ளே இருக்கிற டேட்டா கோப்புகள் 20 இலக்க எண்ணும் கடைசியில் டாட் லாக்கும் கொண்ட பெயர்களில் இருக்கும். நான் அழித்தது வாடிக்கையாளரின் பில்களை.

அதைவிட வேடிக்கை என்ன தெரியுமா? குப்பையாகச் சேர்ந்திருந்த ரெக்வெஸ்ட் லாக் கோப்புகள் அழியவே இல்லை. அந்தக் கால காஃப்கா கான்ஃபிகரேஷனில் டெய்லி ரோலிங் என்ற அப்பெண்டர்தான் இருந்தது. மணிக்கு ஒரு தடவை பழைய நோட்டை மூடி, பெயரின் கடைசியில் தேதியும் மணியும் ஒட்டிவைத்து, புது நோட்டு ஆரம்பிக்கும். தேதி ஒட்டிய பிறகு பெயர் டாட் லாக் என்று முடியாதே! என் கட்டளை அவற்றைத் தாண்டிப் போய்விட்டது. குப்பை பத்திரம், நெல் போச்சு. (இந்த அப்பெண்டருக்கு இன்னொரு குறை. பழைய கோப்புகளை அது தானாக அழிக்காது. எத்தனை வைக்கலாம் என்று சொல்லவே அதில் வழி கிடையாது.)

அழித்துவிட்டு டிஸ்க் எவ்வளவு என்று பார்த்தால் அதே 97%! லினக்ஸில் ஒரு புரோகிராம் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது நீங்கள் அழித்தால், பெயர் மட்டும்தான் போகும். சரக்கு உள்ளேயே இருக்கும். அந்தப் புரோகிராம் மூடினால்தான் இடம் காலியாகும். இது எனக்கு அன்று தெரியாது. "என்னடா இது, அழியவே இல்லையே" என்று சலித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அந்தச் சில நிமிஷங்களில் லினக்ஸின் பிராக் டைரக்டரிக்குள் போய், அந்தப் புரோகிராம் திறந்து வைத்திருக்கிற கோப்புகளை நகல் எடுத்திருக்கலாம். அத்தனை பில்லும் கிடைத்திருக்கும். இன்றைக்கும் டீக்கடையைத் தாண்டும்போது இது ஞாபகம் வரும்.

காஃப்கா 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை பழைய டேட்டாவைத் தேடி, ஏழு நாள் தாண்டியதை அழிப்பதற்காகப் பெயர் மாற்றும். அப்படி ஒரு கோப்பின் பெயரை மாற்றப் போனபோது கோப்பையே காணோம். உடனே "என் டிஸ்க் கெட்டுவிட்டது" என்று முடிவுகட்டி, இருந்தது ஒரே ஒரு டேட்டா டைரக்டரி என்பதால், முழு சர்வரும் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. நிறுத்தியதும் கோப்புகள் மூடின, இடம் காலியாயிற்று. நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 58%. ஆகா, வேலை முடிந்தது என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்!

10 மணிக்கு ஸ்பார்க் வந்து கதவைத் தட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காஃப்காவில் ஒரு தகவலை எத்தனை மிஷினில் நகல் வைப்பது என்று சொல்லலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் ஒன்றே ஒன்றுதான். மற்ற டாபிக்குகளுக்கு மூன்று நகல் இருந்ததால் தப்பின. பில் டாபிக்கை யாரோ அவசரத்தில் உருவாக்கியபோது நகல் எண்ணிக்கையைக் குறிப்பிடவில்லை. முந்தின நாள் காலை பத்து மணிக்குப் பிறகு அந்த மிஷினுக்கு வந்த பில் அத்தனையும் போச்சு.

2.52

மேனேஜர், சீனியர்கள் எல்லாரும் ஒரு ரூமில். நின்றுபோன மிஷினின் லாக்கைத் திரையில் போட்டார்கள். முதல் எர்ரர் வரி தெளிவாக இருந்தது: கோப்பைக் காணோம், நேரம் 02:52. லாகின் பதிவை எடுத்தார்கள். 02:45-க்கு ராத்திரி ஷிப்ட் தம்பி அந்த மிஷினுக்குள் போயிருக்கிறான். ஏழு நிமிஷ இடைவெளி. வேறென்ன வேண்டும்? "லாக்கே சொல்லுதே" என்றார் மேனேஜர்.

நானும் நம்பினேன், உண்மையைச் சொல்கிறேன். ராத்திரி 2.52-க்கே சர்வர் போய்விட்டது, நான் காலையில் அழித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மனசுக்குள் ஒரு நிம்மதிகூட.

தம்பியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வரச் சொன்னார்கள். மத்தியானம் கண் சிவக்க வந்தான். "சார், நான் டிஸ்க் எவ்வளவு இருக்குன்னு மட்டும்தான் சார் பார்த்தேன். நோட்டுல எழுதிட்டுத்தான் போனேன்" என்றான். நோட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், லாக் பொய் சொல்லாது என்றார்கள். கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போகும்போது என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்களாவது சொல்லுங்க அண்ணா" என்றான். நான் என்ன சொல்வது?

சாயங்காலம் அறிக்கைக்காக எல்லா லாக்கையும் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். அதே டைரக்டரியில் ஜி.சி. லாக் என்று ஒன்று இருக்கும். ஜாவா எந்திரம் தன் மெமரியைத் துப்புரவு செய்கிற கணக்கை எழுதுகிற நோட்டு. யாரும் சாதாரணமாகப் படிக்க மாட்டார்கள். அதன் கடைசி வரியிலும் 02:52 என்றே இருந்தது. ஆனால் பக்கத்தில் கூடுதலாக ஒரு சின்ன ஒட்டு: +0000.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த மிஷினின் கடிகாரம் உலக நேரத்தில், அதாவது யூ.டி.சி.யில் ஓடிக்கொண்டிருந்தது. வாடகைக்கு எடுத்த மிஷின், வந்தபடியே விட்டுவிட்டோம். லாகின் பதிவு எடுக்கிற மிஷின் மட்டும் இந்திய நேரத்தில் இருந்தது. இரண்டுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். 2.52-ஓடு ஐந்தரையைக் கூட்டுங்கள். காலை 8.22. நான் டீக்கடையில் நின்ற நேரம்.

காஃப்காவின் லாக் ஏன் இதைச் சொல்லவில்லை? லாக்ஃபோர்ஜேயின் லேஅவுட்டில் ஐ.எஸ்.ஓ. 8601 என்று ஒரு வார்த்தை எழுதினால் வருஷம், மாதம், நாள், மணி, நிமிஷம், நொடி, மில்லி செகண்ட் எல்லாம் அழகாக வரும். எந்த ஊர் நேரம் என்பது மட்டும் வராது. பேருக்கு சர்வதேசத் தரம்! பல சிஸ்டங்களின் கான்ஃபிகரேஷனில் அந்த ஒரு வார்த்தையைத்தான் அப்படியே விட்டிருப்பார்கள். லாக் பொய் சொல்லவில்லை. பாதி சொல்லி நிறுத்திவிட்டது. மீதியை நாங்கள் இட்டுக்கட்டிக்கொண்டோம்.

அன்று ராத்திரி தூக்கமில்லை. என் கட்டளையும் மிஷினின் ஹிஸ்டரி கோப்பில் இருந்தது. நான் பேசாமல் இருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பையனின் அப்பா சைக்கிளில் துணி விற்கிறவர் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை மேனேஜரிடம் ஜி.சி. லாக்கின் கடைசி வரியையும் என் ஹிஸ்டரியையும் அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முதல்ல அந்தப் பையனுக்குப் போன் போடு" என்றார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. நியாயம்தான். கடைகளில் இருந்த பில்லிங் மிஷின்களில் ஒரு வாரத்து நகல் இருந்ததால், கடை கடையாகக் கேட்டு மூன்று நாளில் பெரும்பாலான பில்களைத் திரும்ப வாங்கினோம். அந்த மூன்று நாளும் அந்தத் தம்பி எனக்கு உதவியாக இருந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

இப்போது நான் எப்படி அமைக்கிறேன்

முதல் காரியம், எல்லா மிஷினின் கடிகாரமும் என்.டி.பி. மூலம் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அடுத்து, லேஅவுட்டில் நேரத்தோடு +05:30 அல்லது +00:00 என்ற ஒட்டும் சேர்ந்து வருகிற மாதிரி வடிவத்தை எழுதுவது. யூ.டி.சி. வைத்தாலும் சரி, இந்திய நேரம் வைத்தாலும் சரி, எது என்று வரியிலேயே இருக்க வேண்டும். அந்த வரியில் மிஷின் பெயர், திரெட் பெயர், கிளாஸ் பெயரும் இருக்கட்டும். ஒரே வேலை பல மிஷினுக்கு மாறி மாறிப் போகும்போது, அந்த வேலைக்கு ஒரு எண் கொடுத்து அதை ஒவ்வொரு வரியிலும் அச்சடிக்க எம்.டி.சி. என்று ஒரு வசதி உண்டு. நம் ஹால் டிக்கெட் நம்பர் மாதிரி. நூறு நோட்டில் சிதறிக் கிடப்பதை அந்த எண்ணை வைத்துக் கோர்த்துவிடலாம். ஆனால் ஒரு மிஷினிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அந்த எண்ணை நம் புரோகிராம்தான் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தானாகப் போகாது.

அடுத்தது அளவு. தேதியை மட்டும் நம்பி ரோல் செய்யக் கூடாது. கோப்பு இவ்வளவு பெரிதானால் மூடு, பழையது இத்தனைக்கு மேல் போனால் அழி என்று இரண்டும் சொல்ல வேண்டும். ஹடூப்பின் கான்ஃபிகரேஷனில் 256 எம்.பி., 20 பழைய கோப்பு என்று கணக்கு போட்டே கொடுத்திருக்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள், ஒரு சர்வீஸுக்கு ஐந்து ஜி.பி. சொச்சத்துக்கு மேல் போகாது. ஒரு மிஷினில் நான்கு சர்வீஸ் என்றால் எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்று பேப்பரிலேயே போட்டுவிடலாம். டேட்டா இருக்கிற டிஸ்க்கில் லாக் எழுதவே வேண்டாம், வேறு பார்ட்டிஷன் கொடுங்கள்.

டீபக் வேண்டிய நேரம் வரத்தான் செய்யும். அதற்காகக் கான்ஃபிகரேஷன் கோப்பைத் திருத்தாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே லெவலை மாற்ற வழி இருக்கிறது. ஹடூப்பில் டீமன்லாக் என்ற கட்டளை, கஸாண்ட்ராவில் நோடுடூல் மூலம், காஃப்காவில் 2.4 பதிப்பு முதல் அதன் கான்ஃபிக்ஸ் கட்டளை மூலம். இப்படி மாற்றினால் ரீஸ்டார்ட் செய்ததும் பழைய நிலைக்கே போய்விடும், அது ஒரு பாதுகாப்பு. ஆனால் எத்தனையோ மிஷின் மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் ஆகாமல் ஓடும். அதனால் நான் டீபக் போட்டால் கையோடு மொபைலில் ஒரு அலாரமும் வைத்துவிடுவேன். சிரிக்காதீர்கள்.

ஸ்பார்க்கில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் மாட்டுவார்கள். உங்கள் புரோகிராமை நடத்துகிற டிரைவர் ஒரு மிஷினில் இருக்கும். உண்மையில் வேலை செய்கிற எக்ஸிகியூட்டர்கள் வேறு மிஷின்களில் இருக்கும். உங்கள் கோப்புறையில் லாக் கான்ஃபிகரேஷனை மாற்றிவிட்டு, "சார், ஒண்ணுமே வரலை" என்பார்கள். வராது. அந்தக் கோப்பு எக்ஸிகியூட்டர்களுக்குப் போகவே இல்லையே! வேலையைச் சமர்ப்பிக்கும்போதே கோப்பையும் சேர்த்து அனுப்பி, அதைத்தான் படிக்க வேண்டும் என்று எக்ஸிகியூட்டரின் ஜாவா ஆப்ஷனில் சொல்ல வேண்டும். 2022-ல் வந்த ஸ்பார்க் 3.3 முதல் லாக்ஃபோர்ஜே இரண்டாம் பதிப்பு, கோப்பின் பெயரும் எழுதும் முறையும் மாறிவிட்டது. காஃப்காவும் 2025-ல் வந்த 4.0-ல் இரண்டாம் பதிப்புக்கு மாறியது. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினால், நாம் எழுதியது ஒன்று, நடப்பது ஒன்று என்றிருக்கும்.

யார்ன் மேல் ஸ்பார்க் ஓடினால் இன்னொரு கவனம் தேவை. வேலை முடிந்த பிறகு அதன் லாக் அந்தந்த மிஷினில் 10,800 விநாடி, அதாவது மூன்று மணி நேரம்தான் இருக்கும். ராத்திரி தோற்ற வேலைக்குக் காலையில் வந்து காரணம் தேடினால் கையில் ஒன்றும் கிடைக்காது. லாக் அக்ரிகேஷன் என்ற செட்டிங்கைப் போட்டுவிட்டால் எல்லா மிஷினின் லாக்கையும் திரட்டி எச்.டி.எஃப்.எஸ்.ஸில் ஒரே இடத்தில் வைக்கும். ஹடூப்போடு வரும்போது அது போடாமல்தான் வரும். அதோடு, ஒரு மிஷினின் டிஸ்க் 90% தாண்டினால் யார்ன் அதைக் கெட்டுப்போன டிஸ்க் என்று ஒதுக்கி, அந்த மிஷினுக்கு வேலை கொடுப்பதையே நிறுத்திவிடும். வேலை மற்ற மிஷின்களுக்குப் போகும், அவையும் லாக் எழுதும், அவையும் நிரம்பும். ஒரு டீபக் வரியால் முழு கிளஸ்டரும் படுத்துவிடும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே இரண்டாம் பதிப்பில் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. லாக்ஃபோர்ஷெல் என்று பேர் வைத்தார்கள். வெளியாள் அனுப்புகிற ஒரு வரியை நம் புரோகிராம் சும்மா லாக்கில் எழுதினாலே போதும். அந்த வரியில் விசேஷமான குறியீடு இருந்தால் லைப்ரரி அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, வெளியே உள்ள சர்வரிலிருந்து எதையாவது கொண்டுவந்து ஓட்டிவிடும். லாகின் பெட்டியில் பெயருக்குப் பதில் அந்தக் குறியீட்டை அடித்தால் கதை முடிந்தது. எழுதிக்கொண்டே போகிற ஆபரேட்டர், எழுதியதைப் படித்து அதன்படி நடக்க ஆரம்பித்த மாதிரி! 2.15 என்று திருத்தம் வந்தது, அது போதவில்லை என்று 2.16, 2.17, 2.17.1 என்று அந்த மாதத்துக்குள்ளேயே நான்கு. எந்த மிஷினில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று தேடுவதற்கே நாங்கள் ஒரு வாரம் வீட்டுக்குப் போகாமல் கிடந்தோம். பதிப்புப் பட்டியல் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். பாஸ்வேர்டு, ஆதார் எண், கார்டு எண் எதுவும் லாக்கில் விழக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அழிப்பது பற்றி. காஃப்கா மட்டுமல்ல, ஸூகீப்பரில் டேட்டா லாக் டிர் என்பதும் நோட்டு அல்ல, அதன் நடவடிக்கைப் பதிவு. அது போனால் சிஸ்டமே போகும். ஹெச்பேஸில் ஒரு காலத்தில் டேட்டாவைக் காக்கிற பதிவுகளை வைத்திருந்த டைரக்டரியின் பெயரே டாட் லாக்ஸ்தான். 0.96 பதிப்பில்தான் பெயரை மாற்றினார்கள். ஆகவே பெயரைப் பார்த்து அழிக்காதீர்கள். யார் திறந்து வைத்திருக்கிறார் என்று எல்.எஸ்.ஓ.எஃப். கட்டளையில் பார்த்து, கான்ஃபிகரேஷனில் அந்த டைரக்டரி என்னவாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று படித்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு அழியுங்கள். நான் இப்போது கிளஸ்டர் அமைக்கும்போது டேட்டா டைரக்டரிக்கு லாக் என்ற பெயரே வைப்பதில்லை, டேட்டா என்றே வைத்துவிடுகிறேன்.

இதையெல்லாம் நம் கம்ப்யூட்டர் லேபிலேயே செய்து பார்க்கலாம். காஃப்கா, ஸ்பார்க் எல்லாம் இலவசம். லினக்ஸ் போட்ட மூன்று மிஷின் போதும். மூன்றிலும் காஃப்கா போட்டு, ஒன்றின் டைம் ஜோனை மட்டும் வேண்டுமென்றே மாற்றி வையுங்கள். நண்பன் ஒருவன் ஏதாவது ஒரு மிஷினில் டாட் லாக் கோப்பு ஒன்றை அழிக்கட்டும். எப்போது அழித்தான் என்று மற்றவர்கள் லாக்கை மட்டும் வைத்துக் கண்டுபிடியுங்கள். கோப்பைத் திறந்து வைத்திருக்கிற புரோகிராம் நிற்பதற்குள் அதை மீட்டுப் பார்க்கிறவருக்கு நான் ஊருக்கு வரும்போது டீ வாங்கித் தருகிறேன். சந்தேகம் இருந்தால் ஹெச்.ஓ.டி. சாரிடம் என் போன் நம்பர் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். இந்திய நேரம்தான்!